கீழே இறங்கிய பிறகு கேளுங்கள்: உயரமலைப் பயணங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

உயரமலைப் பயணங்களுக்குக் குழு சேர்த்து அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கும், குழுவை முன்னின்று நடத்தும் வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

பயணம் முடிந்து கீழே வந்து சேர்ந்ததும் நீங்கள் வழக்கமாக அனுப்பும் கருத்துப் படிவம் எனக்கும் வந்தது. சாப்பாடு எப்படி, கூடாரம் எப்படி, ஸ்லீப்பிங் பேக் குளிரைத் தாங்கியதா, வழிகாட்டி எப்படிப் பழகினார், நண்பர்களுக்குச் சொல்வீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண்தான் போட்டேன், மனதாரப் போட்டேன். விரல் விறைக்கும் குளிரில், விடிவதற்கு முன்பே எழுந்து எங்களுக்கு வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தவர்களுக்குக் குறைத்துப் போட மனசு வராது. ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லை. மேலே இருந்தபோது உடம்புக்கு முடியாமல் போனதை எங்களிடம் சொல்லாமல் மறைத்தீர்களா? மறைத்திருந்தால், ஏன்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும், வருகிற பதிலை வைத்துப் பயணத் திட்டத்தையே மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எங்களை அழைத்துச் சென்றவர்களை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. வேறு வேறு மலைகளுக்கு வேறு வேறு குழுக்களோடு போய் வந்தவர்களிடம் பேசிப் பார்த்தேன். கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். பயணம் முடிந்து வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தோம். உயரம் குறையக் குறைய எல்லோருக்கும் தலை லேசானது, பசி எடுத்தது, பேச்சு வந்தது. பின் இருக்கையில் இருந்த ஒரு தம்பி சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னான். மேல் முகாம்களில் ஒவ்வொரு காலையும், யாரும் கூடாரத்தைத் திறப்பதற்கு முன், தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் வெளியே வந்தானாம். அட்டையைக் காலுறைக்குள் வைத்திருந்தானாம், பையில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. அவன் சொன்னதும் இன்னொருவருக்குத் தைரியம் வந்தது. இரவில் வாந்தி எடுத்ததையும், விடிந்ததும் யார் கண்ணிலும் படுவதற்குள் பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி அதை மூடியதையும் அவர் சொன்னார். அப்புறம் ஒருவர், உச்சிக்குப் போன அன்று கால்கள் தன் பேச்சைக் கேட்கவே இல்லை என்றும், முன்னால் போனவரின் ஊன்றுகோல் பதிந்த துளைகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்ததாகவும் சொன்னார். வண்டி முழுக்கச் சிரிப்பு. தப்பித்து வந்தவர்களின் சிரிப்பு அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. என்னாலும் சிரிக்க முடியவில்லை.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாலை, உணவுக் கூடாரத்தில் வழிகாட்டி, “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். எல்லாத் தலைகளும் ஆடின. அக்கா மட்டும் கையைத் தூக்கி, மதியத்திலிருந்து தலைவலி விடவில்லை, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றார். வழிகாட்டி இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, நீங்கள் நாளைக்கு மேலே வர வேண்டாம் என்று முடிவு சொன்னார். சரியான முடிவு. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நள்ளிரவு தாண்டி நாங்கள் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது அவர் கூடாரத்தில் இருந்தார். கடைசி இரவில் பதக்கமும் சான்றிதழும் கொடுத்தார்கள். மாத்திரையை மறைத்த தம்பிக்கு, வாந்தியைப் பனியால் மூடியவருக்கு, தள்ளாடி நடந்தவருக்கு, எல்லோருக்கும் உச்சி தொட்ட சான்றிதழ். அக்காவுக்குப் ‘பயணத்தில் பங்கேற்றார்’ என்று ஒரு தாள். அவர் எல்லோருக்காகவும் கைதட்டினார்.

உள்ளதைச் சொன்னவர் நிறுத்தப்பட்டார். மறைத்தவர்கள் மேலே போய் வந்தார்கள். இதைக் குழுவில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்தோம். அடுத்த முறை மலைக்குப் போகும்போது, கை தூக்க வேண்டிய மாலை வரும்போது, அவர்கள் எதை நினைத்துக்கொள்வார்கள்? இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

உயரத்தில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மடலைப் படிக்கும் புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு மலையடிவாரத்திலும் 21 சதவீதம்தான், உச்சியிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. அப்படியானால் ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்ஸிஜனும் ஏறத்தாழப் பாதிதான். உடம்பு வேகவேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்படி மூச்சு வாங்குவதால் மாறிப்போகும் இரத்தத்தின் அமில காரச் சமநிலையைச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். தினமும் ஓடிப் பழகியவர் என்பதற்காக உடம்பு இதில் சலுகை காட்டாது. கட்டுடல் உயர நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை, வேகமாக ஏறவைத்துச் சில சமயம் மாட்டிவிடவும் செய்கிறது.

தலைவலியோடு குமட்டல், அசதி, தலைச்சுற்றல் என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் அது உயர நோயின் தொடக்கமாக இருக்கலாம். ஏறுவதை நிறுத்தி அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். அதோடு மேலே ஏறுவதில்தான் ஆபத்து. மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது இவற்றின் அறிகுறிகள். வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவரை உடனே கீழே அழைத்து வர வேண்டும். கால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று வண்டியில் ஒருவர் சொன்னாரே, அது வெறும் களைப்பாக இருந்திருக்கலாம். மூளை வீக்கத்தின் முதல் அடையாளமாகவும் இருந்திருக்கலாம். எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் பத்தடி தூரத்தில்தான் நடந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

குழுவாகப் போனால் பாதுகாப்பு என்று நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் வருகிறோம். பல விஷயங்களில் அது உண்மையும்கூட. வழி தவறாது, கால் பிசகினால் தூக்க ஆள் உண்டு, கையுறை நனைந்தால் இன்னொருவர் தன்னுடையதைக் கழற்றித் தருவார். உயர நோய் விஷயத்தில் மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. காத்மாண்டுவில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் டேவிட் ஷ்லிம், நேபாள மலைப்பாதைகளில் இறந்த பயணிகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார். உயர நோயால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் நிறுவனங்கள் ஏற்பாடு செய்த குழுக்களில் வந்தவர்கள் என்று அதில் தெரிந்தது. அந்த வழிகளில் நடந்த மொத்தப் பயணிகளில் குழுவாக வந்தவர்களின் பங்கு அதைவிடக் குறைவு. இது பழைய ஆய்வு, இன்றைக்கு விழிப்புணர்வு கூடியிருக்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் அதன் காரணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தன் பாட்டுக்கு நடப்பவர், தலை வலித்தால் இன்னொரு இரவு தங்கிவிடுவார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். குழுவில் வருபவருக்கு முன்னால் ஓர் அட்டவணை நிற்கிறது. தன்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமோ என்ற பயம், பின்தங்கியவர் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற கூச்சம், கட்டிய பணம், எடுத்த விடுப்பு எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன.

நீங்கள் கேட்கும் முறையும் அதற்குத் துணைபோகிறது. மாலையானால் உணவுக் கூடாரத்தில், இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் கைமாறும். விரலில் மாட்டியதும் வழிகாட்டி எண்ணைச் சத்தமாகப் படிப்பார், உதவியாளர் நோட்டில் குறிப்பார். 87, 90, 82. 90 வந்தவருக்குக் கைதட்டல். 82 வந்தவர் முகம் சுருங்கிப்போகும். சீக்கிரமே எல்லோரும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். தன் முறை வருவதற்கு முன் உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்து, ஆழமாக நாலைந்து முறை மூச்சை இழுத்து விட்டால் எண் கொஞ்சம் ஏறும். ஒருவர் எண் பிடிக்காமல் விரலை மாற்றி மாற்றி மூன்று தரம் மாட்டிப் பார்த்தார், கடைசியில் வந்த நல்ல எண்தான் நோட்டில் ஏறியது. ஒருவருக்கு உயர நோய் இருக்கிறதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அவர் எப்படி உணர்கிறார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கூட்டத்தின் நடுவில், கைதட்டலுக்கு நடுவில் அது வராது.

இதற்கு நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கனடாவின் லேக் லூயிஸில் 1991இல் கூடிய மருத்துவர்களும் ஆய்வாளர்களும் உருவாக்கிய மதிப்பெண் முறை, 2018இல் திருத்தப்பட்டது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, அசதி, தலைச்சுற்றல் என்று நான்கு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை அவரவரே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். தலைவலி இருந்து, கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வுகளுக்காக உருவான முறைதான் இது, மருத்துவரின் கண்ணுக்கு மாற்று ஆகாது. ஆனால் ஒரு சிறிய அட்டையில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்து, காலையும் மாலையும் அவரவர் கூடாரத்தில் நிரப்பி வழிகாட்டியின் கையில் மடித்துக் கொடுக்கச் சொல்ல இது போதும். அட்டையின் கீழே இன்னொரு வரி சேருங்கள்: கடந்த முறைக்குப் பிறகு என்ன மாத்திரை போட்டீர்கள்? வலி மாத்திரை போடுவதில் தவறில்லை, மருத்துவர்களே பரிந்துரைப்பதுண்டு. அதைச் சொல்லாமல் போட்டால், ‘தலைவலி இல்லை’ என்று அவர் சொல்வதை வழிகாட்டி அப்படியே நம்பிவிடுவார். உயர நோய் வராமல் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை போடுபவரும் மருத்துவரிடம் கேட்டு, உங்களிடம் சொல்லிவிட்டுப் போடட்டும். அட்டையைப் பார்த்த பிறகு வழிகாட்டி ஒவ்வொரு கூடாரத்துக்கும் போய் இரண்டு நிமிடம் தனியாகப் பேசினால், உணவுக் கூடாரத்தில் ஆடும் தலைகளை எண்ணுவதைவிட எவ்வளவோ தெரிந்துகொள்வார்.

ஆனால் கேட்கும் முறையை மட்டும் மாற்றிவிட்டு, சொன்னவருக்கு வழி எதுவும் வைக்காவிட்டால் பயன் இல்லை. அந்த மாலை அக்காவுக்கு இருந்தது இரண்டே வழி. மறைத்துவிட்டு ஏறுவது, இல்லை சொல்லிவிட்டு உச்சியை இழப்பது. மூன்றாவது வழி ஒன்று இருந்திருந்தால், அதாவது இன்னொரு இரவு அங்கேயே தங்கி, தலைவலி முழுக்க விட்டுப்போனால் அடுத்த நாள் இன்னொரு வழிகாட்டியோடு ஏறலாம் என்று இருந்திருந்தால், அவருக்கு மட்டுமில்லை, மாத்திரையை ஒளித்து வைத்த தம்பிக்கும் வாய் திறந்திருக்கும். அந்த மூன்றாவது வழியை மலையேறும்போது உருவாக்க முடியாது. நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணை போடும்போதே அதை உருவாக்க வேண்டும்.

அட்டவணையைப் பற்றி மருத்துவர்களின் பரிந்துரை தெளிவாகவே இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை ஏறாமல் அதே உயரத்தில் தங்க வேண்டும். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறவர்கள் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரிலும், பிறகு 4,410 மீட்டரில் இருக்கும் திங்போசேயிலும் இரண்டிரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். கிளிமஞ்சாரோவின் மராங்கு பாதையைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹோரோம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ, 4,720. அன்று நள்ளிரவே 5,895 மீட்டர் உச்சியை நோக்கிக் கிளம்பிவிட வேண்டும். ஒவ்வொரு இரவும் 1,000 மீட்டர் கூடுகிறது. ஹோரோம்போவில் இன்னோர் இரவு தங்கும் திட்டமும் அதே பாதையில் உண்டு. அந்த ஓர் இரவைச் சேர்த்தால் செலவு கூடும், விலைப்பட்டியலில் பக்கத்து நிறுவனத்தை விட நீங்கள் உயர்ந்து தெரிவீர்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் உங்களில் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எல்லோரும் சேர்ந்து குறைந்தபட்ச நாள்களை வகுத்துக்கொண்டால் யாரும் யாரையும் விடக் குறைவான நாள் காட்டி ஆள் பிடிக்க முடியாது.

உடம்பு பழகுவதற்கான ஓய்வு நாளும், எதற்கும் இருக்கட்டும் என்று வைக்கும் உபரி நாளும் ஒன்றல்ல என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மழை வந்து ஒரு நாள் கெட்டால் ஓய்வு நாளை வெட்டி ஈடுசெய்கிறார்கள். உபரி நாள் தனியாக இருக்க வேண்டும், அதுவும் உச்சி நாளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து கீழே இறங்கிய பிறகு வரும் உபரி நாளால் தலைவலிக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை. வானிலைக்கும் இது பொருந்தும். 2014 அக்டோபரில் வங்கக் கடலில் உருவான ஹுத்ஹுத் புயலின் மிச்சம், நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயணிகள், வழிகாட்டிகள், சுமை தூக்கியவர்கள் எல்லோரும் அதில் உண்டு. வானம் சரியில்லை என்றால் உள்ளேயே இருந்துவிடலாம் என்று ஒரு வழிகாட்டி துணிந்து சொல்ல, அவர் கையில் ஒரு நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

உபரி நாளோடு ஆளும் வேண்டும். குழு இரண்டாகப் பிரிந்தால் இரு பாதிக்கும் உயர நோய் தெரிந்த ஒருவர் இருக்கும் அளவுக்கு வழிகாட்டிகளை அனுப்புங்கள். உடம்புக்கு முடியாத ஒருவரைக் கீழே அழைத்துப் போக வேண்டி வந்தால், யார் உடன் போவது என்பது கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உயர நோய் வந்தவரை ஒருபோதும் தனியே விடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி.

இப்போது படிவத்தில் இடமே இல்லாத இன்னொரு கூட்டத்தைப் பற்றி. ஆக்ஸிமீட்டர் உணவுக் கூடாரத்தில் எல்லோர் கைக்கும் போனது என்றேன். சமையல் கூடாரத்துக்கு அது போனதை ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. அங்கே எங்கள் சுமைகளைத் தூக்கி வந்தவர்கள் தூங்கினார்கள். மேல் முகாமில் ஓர் இரவு முழுக்க அங்கிருந்து ஒருவர் இருமும் சத்தம் கேட்டது. காலையில் அதே ஆள் எங்கள் கூடாரங்களை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் கிளம்பினார், எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். மலையில் பிறந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. சுமை தூக்குபவர்களில் பலர் தாழ்வான பள்ளத்தாக்குகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், அவர்களுக்கும் உயர நோய் வரும். நேபாளத்தில் சுமை தூக்கிய ஓர் இளைஞர் உயர நோயால் இறந்ததை அடுத்துத்தான் 1997இல் சர்வதேச சுமைதூக்குவோர் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. குளிருக்கேற்ற உடை, தங்க இடம், பயணிகளுக்குக் கிடைக்கும் அதே மருத்துவம், நோயுற்றால் கூலியைக் கணக்குத் தீர்த்துத் தனியே கீழே அனுப்பாமை என்பவை அவர்கள் கேட்பவை. கேட்க வெட்கமாக இருக்கும் அளவுக்கு அடிப்படையானவை. கிளிமஞ்சாரோவில் ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ என்று வரம்பு உண்டு. பெருவில் 2001இல் இதற்காகச் சட்டமே போட்டார்கள். வரம்பு இருக்கும் இடங்களில்கூட எடை பார்ப்பது யார் என்பது கேள்விதான். கிளம்பும் காலையில் பயணிகள் கண் முன்னால் ஒரு தராசைத் தொங்கவிடுங்கள். எங்கள் பைகளில் தேவையில்லாமல் என்னென்ன அடைத்திருக்கிறோம் என்று எங்களுக்கும் தெரியும்.

பயணத்தில் தலைவலியைச் சொன்னால் நாங்கள் இழப்பது பதக்கம். இருமலைச் சொன்னால் சுமை தூக்குபவர் இழப்பது கூலி. யாருக்கு மறைக்க அதிகக் காரணம் இருக்கிறது என்று பாருங்கள். நோயால் இறங்க வேண்டி வந்தாலும் முழுக் கூலி உண்டு என்று முதல் நாளே அவர்கள் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி அறிவியுங்கள். அதற்கான தொகையை எங்கள் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

சரி, இறங்கி வந்த பிறகு என்ன செய்யலாம்? விமானத் துறையில் நடப்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தாங்கள் செய்த தவறுகளையும் மயிரிழையில் தப்பித்த சம்பவங்களையும் ரகசியமாகத் தெரிவிக்க 1976இல் ஒரு முறை ஏற்படுத்தப்பட்டது. அதை நடத்துவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு அல்ல, நாசா. பெயரை நீக்கிவிட்டுத்தான் அறிக்கைகளை வெளியிடுகிறார்கள். இதுவரை பல லட்சம் அறிக்கைகள் வந்திருக்கின்றன. வண்டியில் எங்களுக்குள் சிரித்துக்கொண்டே சொன்னவை எல்லாம் அந்த வகைத் தகவல்கள்தான். மயிரிழையில் தப்பித்தவை. அவை உங்கள் காதுக்கு வரவில்லை. உங்கள் பதிவேட்டில் எங்கள் பயணம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்த பயணம். அதை நம்பி அடுத்த குழுவையும் அதே அட்டவணையில் அனுப்புவீர்கள்.

ஆகவே, பயணம் முடிந்து சில நாள்கள் கழித்து, களைப்பும் கொண்டாட்டமும் அடங்கிய பிறகு, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கேட்பவர் எங்களை அழைத்துப் போன வழிகாட்டியாக இருக்கக் கூடாது. அவர் மேல் உள்ள பாசத்தாலேயே யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பெயர் இல்லாமல் பதில் சொல்ல வழி செய்யுங்கள். உச்சிக்குப் போகாமல் திரும்பியவர்களை முதலில் கூப்பிடுங்கள், அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். உங்களை நிறுத்தியபோது எப்படி இருந்தது, முகாமில் தனியாக இருந்த நேரத்தில் யார் வந்து பார்த்தார்கள், வேறு என்ன செய்திருந்தால் முன்பே சொல்லியிருப்பீர்கள் என்று கேளுங்கள். சமையல் செய்தவர்களிடமும் சுமை தூக்கியவர்களிடமும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் ஆள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். வந்த பதில்களால் அடுத்த பயணத்தில் எதை மாற்றினீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போடுங்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த குழுவில் வருபவர் வாயைத் திறப்பார்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். உங்கள் விளம்பரங்களில் நூற்றுக்கு இத்தனை பேர் உச்சி தொட்டார்கள் என்று போடுகிறீர்கள். அந்த எண் உயர வேண்டும் என்ற ஆசை மேலிருந்து வழிகாட்டிக்கு இறங்குகிறது, வழிகாட்டியிடமிருந்து எங்களுக்கு. அதை எடுத்துவிடுங்கள். எத்தனை பேரை நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்து நிறுத்தினீர்கள் என்று போடுங்கள். அந்த எண் பூஜ்யமாக இருந்தால் நான் அந்தக் குழுவோடு போக யோசிப்பேன். எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் கொடுங்கள், அவரவர் போன உயரத்தை மட்டும் எழுதி. உணவுக் கூடாரத்தில் அத்தனை பேர் முன்னால் கை தூக்கிய அக்காவைப் பற்றி அன்றைய இரவில் வழிகாட்டி நாலு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கள் குழுவில் ஒருவரும் அதை மறந்திருக்க மாட்டோம்.

இதெல்லாம் உங்கள் மேல் கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக, பேச்சே இல்லாமல், ஒரே சீராக எட்டு வைத்து ஏறியதில் ஒரு நிறைவு இருக்கிறது. தனியாக நடப்பவருக்கு அது கிடைக்காது. மறுபடியும் குழுவாகத்தான் போவேன். கூட வருகிறவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அக்கா அடுத்த பருவத்தில் அதே மலைக்குப் போக முடிவு செய்திருக்கிறார். எந்தக் குழுவோடு போகலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். உச்சி நாளுக்கு முன்னால் உபரி நாள் வைத்திருக்கிறீர்களா, ஒருவர் தங்க வேண்டி வந்தால் அவரோடு தங்கி மறுநாள் ஏற இன்னொரு வழிகாட்டி உண்டா, சுமை தூக்குபவர்களுக்கு நோய் வந்தால் கூலி உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். வருகிற பதில்களை அப்படியே அவரிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவரோடு ஏறி இறங்கிய ஒரு பயணி